காசாம்புவுக்கு நான் கொடுத்த சான்று

இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொகுக்கப் புதிதாக வந்திருப்பவர்களிடம் நாலு வார்த்தை பேசுங்கள் என்று நம் குழுவில் கேட்டார்கள். எங்கே அழுத்த வேண்டும், எப்படிச் சேமிக்க வேண்டும் என்பதையெல்லாம் என்னைவிட வேகமாகக் கற்றுக்கொள்வீர்கள். எனக்கு மவுஸைப் பிடிக்க வரவே ஒரு மழைக்காலம் ஆனது. அதனால் அந்தப் பாடத்தை விட்டுவிடுகிறேன். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். கேட்டுச் சிரிக்கலாம், ஆனால் சிரித்துவிட்டு மறந்துவிடக் கூடாது.

நான் நெய்வேலியில் சுரங்கத்து டைம் ஆபீசில் வேலை பார்த்தவள். யார் எந்த ஷிப்டுக்கு வந்தார், எப்போது உள்ளே போனார், எப்போது வெளியே வந்தார் என்று பார்ப்பதுதான் வேலை. வராத ஆளுக்காக வந்த ஆள் கார்டு பஞ்ச் பண்ணுகிற வித்தையெல்லாம் என்னிடம் பலிக்காது. நடந்து வருகிற தோரணையிலேயே கண்டுபிடித்துவிடுவேன். முதுகுக்குப் பின்னால் என்னைப் போலீஸ்காரம்மா என்று கூப்பிட்டதும் எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ரிடையர் ஆனதும் குவார்ட்டர்சைக் காலி பண்ணிக்கொண்டு டவுன்ஷிப்புக்கு வெளியே வாடகை வீட்டுக்கு வந்தோம். மகள் தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு நாள் பொழுதுபோகாமல், இணையக் கலைக்களஞ்சியத்தில் நம் பக்கத்துச் சுதந்திரப் போராட்டக்காரர்களைத் தேடினேன். ஆண்களுக்கெல்லாம் பிறப்பு, படிப்பு, சிறை, எழுதிய கடிதம் என்று பக்கம் பக்கமாக இருந்தது. பெண்களில் பாதிப் பேருக்குப் பக்கமே இல்லை. இருந்த சிலருக்கும் ‘இன்னாரின் மனைவி, இவரும் சிறை சென்றார்’ என்பதோடு சரி. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு வேலை ஓடும்.

அப்படித்தான் தொகுக்க வந்தேன். அச்சு எழுத்துகளை அரிசிப் பானைக்குள் போட்டு மறைத்தவர் ஒருவர். தலைமறைவாக இருந்தவர்களுக்குச் சோறு கட்டிக்கொண்டு, கழுத்தளவு ஆற்றைத் தாண்டிப் போனவர் இன்னொருவர். புத்தகங்களின் மூலைகளில் கிடந்த இவர்களை ஒவ்வொருவராக எடுத்து எழுதினேன். எழுத எழுத எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நான் பஸ்சில் தனியாகக் கடலூர் போவதற்கே யோசித்த காலம் உண்டு, அவர்கள் என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு அங்கே ஒரு குரு வாய்த்தார். செம்போத்து என்ற பயனர் பெயரில் இருந்த நிர்வாகி. ஆணா பெண்ணா, சென்னையா சிங்கப்பூரா என்று இன்றுவரை தெரியாது. என் முதல் கட்டுரையில் ஏழு இடங்களில் ‘சான்று தேவை’ என்று குறி போட்டுவிட்டுப் போனார். டைம் ஆபீஸ்காரியிடமே அத்தாட்சி கேட்கிறாரே என்று அன்று நான் சாப்பிடக்கூட இல்லை. மறுநாள் பார்த்தால், அந்த ஏழில் மூன்று இடங்களுக்கு அவரே புத்தகம் தேடிச் சான்று போட்டிருந்தார். கோபம் போய்விட்டது. குறை சொல்கிறவர் பலர், குறையைச் சொல்லிவிட்டுக் கூட உட்கார்ந்து தேடுகிறவர் அபூர்வம்.

இப்போது பச்சையம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆபீசைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவர். கடைசி வரை காண்ட்ராக்ட், பர்மனென்ட் ஆகவே இல்லை. வேலை நின்ற பிறகு காடாம்புலியூரில் தன் வீட்டோடு இருந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை அக்கா என்பேன். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். ரேஷன் கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோல, தன் அம்மாகூட வெள்ளைக்காரன் காலத்தில் ஜெயிலுக்குப் போனதுதான் என்றார்.

அந்த வாரமே அவர் வீட்டுக்குப் போய் அரை நாள் உட்கார்ந்து கேட்டேன். அம்மா பெயர் காசாம்பு. நிலமில்லாத கூலிக் குடும்பம். தடை செய்யப்பட்ட துண்டுப் பிரசுரங்களைக் கூடைக்கு அடியில் வைத்து, மேலே முந்திரிப்பழத்தை நிரப்பி, நெல்லிக்குப்பம் வரை நடந்தே கொண்டுபோவாராம். முந்திரிப்பழச் சாறு துணியில் பட்டால் கறை போகாது. சட்டை பாழாகும் என்று எந்தப் போலீசும் அந்தக் கூடைக்குள் கை விடமாட்டான். “எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது மேடம். கயித்துல போட்டிருக்கிற முடிச்சப் பாத்தே எந்தக் கட்டு எந்த ஊருக்குன்னு சொல்லிடும்” என்றார் பச்சையம்மா. முந்திரிப் பருவம் முடிந்த பிறகும் பிரசுரம் நிற்கவில்லை. பழமில்லாத கூடையோடு போன ஒரு நாள் பிடிபட்டுவிட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எழுத்தே தெரியாத ஒருத்தி, எழுத்துக்காக ஜெயிலுக்குப் போயிருக்கிறாள்.

எந்த ஜெயில் என்று கேட்டேன். பெரிய ஜெயில்தான் என்று சொல்லிவிட்டு, டீ போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டார். நானும் விட்டுவிட்டேன். நான் எழுதிய பெண்களில் பலர் வேலூர்ச் சிறையில் இருந்தவர்கள். இவரும் அங்கேதான் இருந்திருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டு, வேலூர் என்று எழுதினேன். சான்றைப் பிறகு தேடிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வராத ஆளுக்கு வருகை போட்டேன் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அது எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பல மாதம் அந்தப் பக்கம் ‘சான்று தேவை’ குறிகளோடு கிடந்தது. பிறகு யாரோ ஒரு பயனர், அச்சில் எந்த ஆதாரமும் இல்லாத இந்தக் கட்டுரையை நீக்க வேண்டும் என்று எழுதினார். ஒரு வாரம் கெடு. நான் தலைகீழாக நின்று தேடினேன். கெடு முடிவதற்கு முந்தைய நாள், சேத்தியாத்தோப்புக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த என் தோழி ஒரு சுதந்திர தின மலரைக் கொண்டுவந்தாள். அந்தப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சேர்ந்து போட்டது. அதில் காசாம்புவைப் பற்றி ஒரு முழுப் பத்தி இருந்தது. வேலூர்ச் சிறை என்றும் இருந்தது. படித்துவிட்டு, யாரோ நன்றாக எழுதியிருக்கிறாரே என்று வாய்விட்டுச் சொன்னேன். உடனே அதைச் சான்றாகப் போட்டேன். பக்கம் பிழைத்தது, எல்லோரும் வாழ்த்தினார்கள். போனில் அதைப் படித்துக் காட்டியபோது பச்சையம்மா அழுதார். வேலூர் என்ற இடத்தில் மட்டும் ஒரு கணம் அழுகை நின்ற மாதிரி இருந்தது. சிக்னல் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர்கள் ஊரில் ஒரு சின்ன நூலகம் கட்டினார்கள். யார் பெயர் வைப்பது என்று பேச்சு வந்தது. முன்னாள் ஊராட்சித் தலைவர் ஒருவர் பெயரைச் சிலர் சொன்னார்கள். கூலிக்காரி பெயரையா நூலகத்துக்கு வைப்பது என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். ஊராட்சி உறுப்பினர் ஒருவர் நம் பக்கத்தை அச்செடுத்துக் கூட்டத்தில் வைத்து, இதோ பாருங்கள் என்று காட்டினார். காசாம்பு பெயர்தான் என்று முடிவானது. கல்வெட்டு வாசகத்தையும் நம் பக்கத்திலிருந்தே எடுத்தார்கள், ‘வேலூர்ச் சிறையில் வாடிய வீராங்கனை’ என்று. வியாழக்கிழமை கல் வெட்டப் போகிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை பச்சையம்மா போன் செய்தார். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை.

அன்று மாலை அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் செம்போத்து எனக்கு எழுதியிருந்தார். “அம்மா, மலரின் அந்தப் பத்தியும் உங்கள் முதல் தொகுப்பும் ஒன்றுபோல இருக்கின்றன. மலருக்கு இந்தத் தகவல் எங்கிருந்து வந்தது?”

மலரையும், நான் முதலில் எழுதிச் சேமித்த பழைய தொகுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ‘ஏழு தண்ணீரில் அலசினாலும் போகாத கறை’ என்று மலரில் இருந்தது. அது என் வாக்கியம். யாரோ நன்றாக எழுதியிருக்கிறாரே என்று மெச்சிக்கொண்டேனே, அந்த யாரோ நான்தான். இருந்தும் மனசு ஒப்பவில்லை. அந்த ஆசிரியர் தானாக எங்காவது விசாரித்திருக்கலாம், வேலூர் என்பது அவருக்கு வேறு வழியில் தெரிந்திருக்கலாம் என்று மறுநாள் காலையில் சேத்தியாத்தோப்புக்குப் பஸ் ஏறினேன்.

மலரைத் தொகுத்தவர் ஒரு பழைய தலைமையாசிரியர். நல்ல மனிதர், மோர் கொடுத்து உட்காரவைத்தார். காசாம்பு பற்றி எங்கே தெரிந்துகொண்டீர்கள் சார் என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. “எல்லாம் இன்டர்நெட்லதாங்க. யாரோ ஒரு அம்மா எழுதியிருக்காங்க. அவ்ளோ கச்சிதம். ஒரு எழுத்த மாத்த மனசு வரல, அப்படியே போட்டுட்டேன்.”

அந்த அம்மா நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மோரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ்சில் வரும்போதுதான் எல்லாம் உறைத்தது. என் பக்கத்துக்கு அவர் மலர் சாட்சி, அவர் மலருக்கு என் பக்கம் சாட்சி. எனக்கு நீ பஞ்ச் பண்ணு, உனக்கு நான் பண்ணுகிறேன் என்று இரண்டு பேர் செய்தால் பிடித்துக் கொடுத்திருப்பேன். இங்கே இரண்டு கார்டையும் நானே பஞ்ச் பண்ணியிருக்கிறேன்.

திங்கள் இரவு முழுக்க யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன், மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. விஷயம் தெரிந்தவர் செம்போத்து ஒருவர்தான். வேலூரோ வேறு ஊரோ, அவள் ஜெயிலுக்குப் போனது நிஜம்தானே? இதைச் சொன்னால் சான்று போகும், சான்று போனால் பக்கம் போகும், பக்கம் போனால் நூலகத்தின் பெயரும் போகும். எழுபத்தெட்டு வயதில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த சந்தோஷத்தை என் கையாலேயே பறிப்பதா என்று இருந்தது. ஆனால் இன்னொன்றும் தெரிந்தது. அந்தப் பெயரைப் பிடிக்காதவர்கள் ஊரில் இருக்கிறார்கள். வேலூர் பொய் என்று நாளைக்கு ஒருவன் கண்டுபிடித்தால், வேலூரை மட்டும் எடுக்கமாட்டான். காசாம்புவே கட்டுக்கதை என்பான். என்னதான் செய்யட்டும் என்று செம்போத்துவுக்கு எழுதினேன். பக்கத்தை நீக்கச் சொல்வார், அல்லது விதியைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “அந்த மகளிடம் சொல்லிவிட்டீர்களா? முதலில் அதைச் செய்யுங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்” என்று பதில் வந்தது. நேரில் பார்க்காத அந்த மனிதருக்கு நான் இன்னும் கைகூப்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை காடாம்புலியூர் போனேன். பச்சையம்மா, கொட்டைச் சாறு அரிக்காமலிருக்கக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வேலூர் என்பது என் ஊகம், மலர் என்னைப் பார்த்து எழுதியது, இந்தச் சான்று செல்லாது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் உடைப்பதை நிறுத்திவிட்டு ஒரு கந்தலில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப எங்கம்மா ஜெயிலுக்கே போவலன்னு ஆயிடுமா மேடம்?”

அந்தக் கேள்வியைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. “ஆகாதுக்கா. ஆனா இப்ப நம்ம கையில ஒண்ணும் இல்ல. பக்கம் போயிடும்” என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“நீங்க மட்டும் மறைக்கல. நானும் உங்ககிட்ட மறைச்சிட்டேன்” என்றார். “எங்கம்மா இருந்தது கடலூருங்க. புடிச்சிகினு போவும்போது அதுக்கு வயித்துல நானு. ஜெயில்லதான் பொறந்தேன். ஊர்ல ஜெயிலு பொண்ணு, ஜெயிலு பொண்ணுன்னு கூப்புடுவாங்க. கல்யாணத்துக்குக் கேக்க வந்தவங்ககிட்ட மாமா வூட்ல பொறந்தான்னு பொய் சொன்னாங்க. எங்கூட்டுக்காரரு சாவுற வரிக்கும் அவருக்குத் தெரியாது. எந்த ஊருன்னு சொன்னா நான் பொறந்த கதையும் வெளிய வந்துடும்னு பயம். அதான் நீங்க எந்த ஜெயிலுன்னு கேட்டப்ப டீ போடப் போயிட்டேன்.”

சுதந்திரத்துக்காக ஒருத்தி ஜெயிலுக்குப் போகிறாள். அங்கே பிறந்த பெண் அதை வாழ்நாள் முழுக்க வெட்கமாக ஒளித்துவைக்கிறாள். இருந்தும் தன் அம்மாவின் பெயர் வெளியே வர வேண்டும் என்று என்னிடம் வாய் திறந்து சொன்னவரும் அவர்தான். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மாவின் தைரியம்தான் அது என்று நினைக்கிறேன். கல்லை என்ன செய்வது என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “தப்பா வெட்னா பெறவு அத்த அழிக்க முடியுமா? நிறுத்தச் சொல்லிடலாம்” என்று சொல்லிவிட்டு அவரே போனை எடுத்தார்.

கல் நின்றது. அடுத்த கூட்டத்தில் பெயரும் மாறியது. முன்னாள் தலைவர் பெயரில்தான் நூலகம் திறந்தார்கள். பச்சையம்மா திறப்பு விழாவுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தாராம். இங்கே நான் நடந்ததையெல்லாம் உரையாடல் பக்கத்தில் என் பெயரில் எழுதி, நான் எழுதிய கட்டுரையை நீக்கும்படி நானே கேட்டேன். ஒரு வாரத்தில் நீக்கினார்கள். இத்தனை வருஷம் எங்களுக்குச் சான்று கேட்டு உபதேசம் பண்ணினீர்களே என்று ஒருவர் கிண்டல் செய்தார். செய்யட்டும், உள்ளதைத்தானே சொன்னார்.

பிறகு முறையாகத் தேட ஆரம்பித்தோம். நம் குழுவில் அப்போது எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், சென்னையில் பழைய செய்தித்தாள்களை வாரக்கணக்கில் புரட்டினாள். ஒரு மூலையில் செய்தி கிடைத்தது. பிரசுரம் வைத்திருந்ததாகப் பிடிபட்டவர்கள் என்று ஆண்களுக்கெல்லாம் பெயர், ஊர், தகப்பன் பெயர் போட்டிருந்தார்கள். கடைசியில் ‘கூலிக்காரி ஒருத்தி’ என்று முடித்திருந்தார்கள். பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டதாம். ஆனால் அந்தக் கூலிக்காரிதான் காசாம்பு என்று யார் சொல்வது? அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. ஜெயிலுக்குள் ஒரு குழந்தை பிறந்தால் ஜெயிலிலேயே மூடி வைத்துவிட முடியாது. கடலூர் நகராட்சியில் பிறப்பைப் பதிந்தே ஆக வேண்டும். பச்சையம்மா என்னிடம் மறைத்த அந்த ஒரு விஷயம்தான் வழியைக் காட்டியது.

அந்தப் பதிவையும் செய்தியையும் சேர்த்துவைத்து, வரலாற்று ஆய்வாளர் ஒருவர் தானாக விசாரித்துக் கட்டுரை எழுதினார். அது அச்சில் வந்த பிறகுதான் பக்கம் திரும்ப வந்தது. அந்தப் பக்கத்தை உங்களைப் போன்ற ஒருவர்தான் எழுதினார். நான் ஒரு காற்புள்ளிகூடப் போடவில்லை. என் பழைய பத்தியைவிட அது நூறு மடங்கு நன்றாக இருக்கிறது. அதைப் பார்த்து எனக்குப் பொறாமைகூட வரவில்லை என்றால் என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அந்தப் பதிவேட்டைத் திறந்த நாளைப் பற்றி.

மனு கொடுத்து, மூன்று முறை அலைந்து, நாலாவது முறை பச்சையம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். நகராட்சி அலுவலகத்தில் இருந்த எழுத்தர் பொறுமையானவர். பொடிந்துகொண்டிருந்த தாள்களை விரலால் புரட்டாமல் அட்டையால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்திப் படித்தார். பிறந்த இடம், சிறைச்சாலை. தாயார் பெயர், காசாம்பு. ஊரும் சரியாக இருந்தது. பச்சையம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். எழுத்தர் இன்னொரு தடவை படித்தார். தாயார் பெயர் வந்ததும் பச்சையம்மா கையை உயர்த்தி, அந்த இடத்தை மட்டும் மறுபடியும் படிக்கச் சொன்னார்.

“அப்பல்லாம் பேர் வைக்கிறதுக்கு முந்தியே பதிஞ்சிடுவாங்க. அதனால கொழந்த பேரு இல்ல, பெண் குழந்தைன்னுதான் இருக்கு. சேக்கணும்னா ஒரு பாரம் எழுதிக் குடுங்க, அதிகாரிகிட்ட வைக்கிறேன்” என்றார் எழுத்தர்.

“எம்பேரு எதுக்குங்க. அது பேரு இருக்குதுல்ல, அது போதும்” என்றார் பச்சையம்மா.

எனக்குப் பழைய கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக நான் அவரை அதட்டினேன். “போதாதுக்கா. ‘பெண் குழந்தை’ன்னு விட்டுட்டுப் போனா, நாளைக்கு உங்களையும் யாராவது தேடிகிட்டுத்தான் அலையணும். பேரைச் சொல்லுங்க.”

நான் போட்ட சத்தத்தில் எழுத்தர் தானே பாரத்தை எடுத்து, பேனாவைத் திறந்துகொண்டார். பச்சையம்மா என்னைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

“எழுதிக்குங்க. பச்சையம்மா. காசாம்பு பொண்ணு. ஜெயில்ல பொறந்தவ.”